குமிழில் 34: ஆட்டத்தில் ஆடிய பழைய பேஸ்பால் பொருள்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

நான் வாங்கிய முதல் மட்டையின் அடிக்குமிழில் 34 என்று பதித்திருந்தது. பென்சில்வேனியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மேசையில் ஓடாத கடிகாரங்கள், துருப்பிடித்த சுத்தியல்கள், நடுவே கறுத்துப்போன ஒரு லூயிவில் ஸ்லக்கர் மட்டை. பருத்த பகுதியில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் கையெழுத்து எரித்துப் பதித்திருந்தது. "என் தாத்தா யாங்கி ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர், மேன்டிலே கையில் கொடுத்தது" என்றார் விற்றவர். 200 கேட்டார், 150 டாலருக்கு முடிந்தது. பேரம் பேசி ஜெயித்த மிதப்பில் வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து, இருபது வருடமாக மட்டைகளைச் சேர்க்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. மட்டையைத் தலைகீழாகத் திருப்பிக் குமிழை ஒரு பார்வை பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். 34 என்றால் 34 அங்குலம். கடைக்கு வரும் பையன்கள் உயரத்துக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்வதற்காகப் போட்ட எண். மேன்டிலுக்கென்று தொழிற்சாலையிலிருந்து போன மட்டையில் அந்த இடத்தில் வேறு குறி இருந்திருக்கும். கையெழுத்தும் பேனா பட்டதல்ல, அவருடைய பெயரை வைத்துக் கடைகளில் விற்ற ஆயிரக்கணக்கான மட்டைகளில் இருக்கும் அச்சுதான்.

அந்த 150 டாலரை இந்தத் துறையில் நான் கட்டிய பள்ளிக் கட்டணமாக வைத்துக்கொண்டேன். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விற்கிறவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பொருளைத் திருப்பிப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிந்த பிறகு பணப்பையைத் திறங்கள்.

முதலில் நான்கு வார்த்தைகள்

ஏலப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகள் இவை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம்கூட வரும்.

'கேம் யூஸ்டு' என்றால் உண்மையான ஆட்டத்தில் பயன்பட்டது. சட்டையாக இருந்தால் 'கேம் வோர்ன்' என்பார்கள். 'கேம் இஷ்யூடு' அல்லது 'டீம் இஷ்யூடு' என்றால் வீரருக்காகவே செய்து கொடுக்கப்பட்டது, ஆனால் அவர் அதை ஆட்டத்தில் தொட்டாரா என்பதற்கு ஆதாரம் இல்லை. 'ஸ்டோர் மாடல்' என்பது கடைச் சரக்கு, என்னுடைய 34ஐப் போல. 'ரெப்ளிகா' என்பது ரசிகர்கள் போட்டுக்கொள்வதற்கான நகல்.

விற்கிறவர்கள் இவற்றைக் குழப்புவது எப்போதும் பொய் சொல்வதற்காக அல்ல. பலருக்கு உண்மையிலேயே தெரியாது. தாத்தா சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்க நினைக்கிறவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஒரு அணி, ஒரு பத்தாண்டு, ஒரு வகைப் பொருள் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். 1980களின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மட்டைகள் மட்டும், அல்லது அமெரிக்கன் லீக் (உச்ச மட்டப் பேஸ்பாலின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) பந்துகள் மட்டும், இப்படி. வட்டம் சின்னதாக இருந்தால் ஆறு மாதத்தில் அந்த வட்டத்துக்குள் விற்கிறவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்துவிடும்.

பேப் ரூத், லூ கெரிக், ஜாக்கி ராபின்சன் போன்ற பெரும் நட்சத்திரங்கள் பக்கம் ஆரம்பத்தில் போக வேண்டாம். யாங்கி ஸ்டேடியம் திறந்த 1923 ஏப்ரல் 18 அன்று அங்கே முதல் ஹோம் ரன்னை (நம் சிக்சர் மாதிரியான அடி) ரூத் அடித்த மட்டை, 2004இல் சதபீஸ் ஏலத்தில் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது. பணம் புழங்கும் இடத்தில்தான் போலி செய்கிறவரும் கடை போடுவார். பெரிய பெயர் இல்லாத, ஆறேழு சீசன் ஆடிவிட்டு ஓய்வுபெற்ற ஒருவருடைய மட்டையைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. புதியவருக்கு அதுவே நல்ல பாதுகாப்பு.

பந்தில் தொடங்குங்கள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு பந்தை எண்பது ஓவர் வரை தேய்த்து ஆடுவதுதான் பழக்கம். பேஸ்பாலில் பந்து மண்ணில் பட்டாலே பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். ஒரே ஆட்டத்தில் நூறு பந்துகள் சாதாரணமாகச் செலவாகும். எனவே ஆட்டத்தில் ஆடிய பந்து கிடைப்பது அரிதல்ல, விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. இன்றைய ஆட்டங்களின் சாதாரணப் பந்து ஒன்றை அணிகளின் மைதானக் கடையிலேயே வாங்கலாம். முதல் கொள்முதலாக நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்.

காரணம், அதில் ஒட்டியிருக்கும் ஹோலோகிராம். 1990களின் கடைசியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்றைப் பிடித்தது. அவர்களிடம் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூட இருந்தன. அன்னை எப்போது பேஸ்பால் பந்தில் கையெழுத்துப் போட்டார் என்று வாங்கியவர் எவரும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். சான் டியேகோ அணியின் டோனி க்வின், தன் அணிக் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் இருப்பதைக் கண்டு எச்சரித்தார். இதற்கெல்லாம் பிறகு 2001இல் மேஜர் லீக் பேஸ்பால் தன் சொந்த அத்தாட்சித் திட்டத்தைத் தொடங்கியது.

அது நடக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு அத்தாட்சியாளராவது மைதானத்தில் இருப்பார். பெரும்பாலும் காவல்துறையில் இருப்பவர்கள் அல்லது ஓய்வுபெற்றவர்கள். ஆட்டத்திலிருந்து விலகிய பந்து தன் கண் பார்க்கத் தன் கைக்கு வந்தால் ஹோலோகிராம் ஒட்டுவார். நடுவில் ஒரு நொடி பார்வையிலிருந்து மறைந்தாலும் ஒட்ட மாட்டார். ஹோலோகிராமில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். அதை லீகின் தளத்தில் போட்டால் எந்தத் தேதி, எந்த இன்னிங்ஸ், யார் வீசியது, யார் அடித்தது என்று வரும். உரித்தால் உடைந்துபோகும் ரகம் என்பதால் ஒரு பந்திலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. வாங்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே எண்ணைப் போட்டுப் பாருங்கள். பொருளின் விவரமும் திரையில் வருவதும் ஒத்துப்போகிறதா? பந்து என்று வந்து, கையில் தொப்பி இருந்தால் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

2001க்கு முந்தைய பந்துக்கு இந்த வசதி கிடையாது. அங்கே அச்சைப் படிக்க வேண்டும். 1999 வரை அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டுக்கும் தனித்தனிப் பந்துகள். ஒவ்வொன்றிலும் அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீகில் வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 தொடக்கம் வரை, அடுத்து ஜோ க்ரோனின் 1973 வரை, பிறகு லீ மெக்பெய்ல் 1983 வரை. நேஷனல் லீகில் ஃபோர்ட் ஃப்ரிக் 1934 முதல் 1951 வரை, வாரன் ஜைல்ஸ் 1969 வரை, சப் ஃபீனி 1986 வரை. 2000 முதல் இரண்டு லீகுக்கும் ஒரே பந்து, மேஜர் லீகின் தலைமை அதிகாரியான கமிஷனரின் கையெழுத்து.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ரோஜர் மாரிஸ் 61ஆவது ஹோம் ரன் அடித்த 1961 சீசனின் பந்து என்று ஒருவர் நீட்டுகிறார். அதில் மெக்பெய்ல் பெயர் இருந்தால் பேச்சே வேண்டாம், அவர் பதவிக்கு வரப் பன்னிரண்டு வருடம் இருந்தது. க்ரோனின் பெயர் இருந்தால்? காலம் பொருந்துகிறது, அவ்வளவுதான். அதே பந்து கடைகளிலும் விற்றது. அச்சு ஒரு பந்தைப் பொய் என்று நிரூபிக்கும், மெய் என்று நிரூபிக்காது. தோலும் பேசும்: 1974இல்தான் குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறினார்கள்.

அப்புறம் சேறு. புதுப் பந்து வழுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்தையும் சேறு தேய்த்துப் பழுப்பாக்குவார்கள். நியூஜெர்சியில் டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் ரகசிய இடத்தில் அள்ளும் சேறு அது. லீனா பிளாக்பர்ன் என்ற முன்னாள் வீரர் 1930களில் தொடங்கிவைத்த வியாபாரம், இன்றும் நடக்கிறது. எனவே முத்துப்போல வெள்ளையாக இருக்கும் பந்து ஆட்டத்துக்குப் போனதாக யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். சேறு இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. அந்தச் சேறு டப்பாவில் விலைக்குக் கிடைக்கிறது.

புகழ்பெற்ற பந்தை எப்படி அடையாளம் காண்பது? 1986 உலகத் தொடரின் (இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் ஆண்டு இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டம். மூக்கி வில்சன் அடித்த மெதுவான பந்து பாஸ்டனின் பில் பக்னர் கால்களுக்கிடையே உருண்டோடியது, மெட்ஸ் வென்றது. அந்தப் பந்தில் அம்பயர் எட் மாண்டேகு தையலருகே சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தார். பேனாவால் ஒரு கீறல், அரை அங்குலம்கூட வராது. 1992இல் நடிகர் சார்லி ஷீன் அந்தப் பந்தை 93,500 டாலருக்கு வாங்கினார், 2012இல் அது 4,18,250 டாலருக்குப் போனது. குறி இல்லையென்றால் அது பத்து டாலர் பந்து. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1951இல் பாபி தாம்சன் ஜயண்ட்ஸ் அணிக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்த ஹோம் ரன் பந்து இதுவரை கிடைக்கவில்லை. அதன் பெயர் சொல்லி யாராவது ஒரு பந்தைக் காட்டினால் காபி குடித்துக்கொண்டே கதை கேளுங்கள், காசோலைப் புத்தகத்தை எடுக்காதீர்கள். இப்போதெல்லாம் ஒருவர் சாதனையை நெருங்கும்போது அவருக்கு வீசும் பந்துகளில் லீகே முன்கூட்டி ரகசியக் குறி போட்டுவிடுகிறது.

மட்டை: குமிழிலிருந்து மேலே வாருங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய மட்டைகளில் பெரும்பாலானவை கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரின் ஹிலரிச் அண்ட் பிராட்ஸ்பி செய்தவை. லூயிவில் ஸ்லக்கர் அவர்களுடைய பிராண்டு. 1905இல் ஹோனஸ் வாக்னர் தன் கையெழுத்தை மட்டையில் பதிக்க ஒப்பந்தம் போட்டார். அங்கிருந்துதான் வீரர் பெயரைப் போட்டு விற்கும் பழக்கமும், நான் ஏமாந்த வழியும் ஆரம்பமாயின.

மட்டையைக் கையில் எடுத்ததும் குமிழைப் பாருங்கள். வெறும் இரண்டு இலக்கம் இருந்தால் நீளம், கடைச் சரக்கு. 1940களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை தொழில்முறை வீரருக்குப் போன மட்டைகளில் அங்கே ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆர்43, கே55, எம்110, இப்படி. எழுத்து, அந்த வடிவத்தை முதலில் கேட்ட வீரருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து. எண், அந்த எழுத்தில் எத்தனையாவது வடிவம் என்பது. ஆர்43 ரூத்துக்காகச் செய்தது. கே55 சக் க்ளைனுடையது. ஆனால் ஒருவர் வடிவத்தை இன்னொருவர் கேட்டு வாங்குவது சகஜம். மேன்டில் கே55ஐயும் எம்110ஐயும் வைத்து ஆடியிருக்கிறார். பிந்தைய மட்டைகளில் மாடல் எண் குமிழை விட்டு, பருத்த பகுதியில் பெயருக்கு மேலே போய்விட்டது.

நடுவில் இருக்கும் நீள்வட்ட முத்திரைதான் அடுத்தது. அதன் எழுத்துகளும் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. முத்திரைகளின் காலவரிசைப் படங்கள் சேகரிப்பாளர்களிடம் இருக்கும், ஒன்றை அச்செடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில் 125 என்று இருப்பதைக் காட்டி "இது ப்ரோ மட்டை" என்பார்கள். உயர்ரகக் கடை மட்டைகளிலும் 125 உண்டு. என் 34லும் இருந்தது.

பிறகு எடைபோடுங்கள், நீளம் அளங்கள். எந்த வீரருக்கு எந்த ஆண்டு எந்த நீளத்தில், எத்தனை அவுன்ஸில் மட்டை போனது என்ற தொழிற்சாலைப் பதிவேடுகள் ஏறத்தாழ 1930லிருந்து இருக்கின்றன. நல்ல சான்றாளர் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார். ஒன்றிரண்டு அவுன்ஸ் குறைந்தால் பயப்பட வேண்டாம், மரம் காய்ந்தால் எடை இறங்கும். பதிவேட்டில் 36 அவுன்ஸ், கையில் 31 என்றால் கேள்வி கேளுங்கள்.

இனித் தழும்புகள். மட்டையைச் சாய்வான வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றுங்கள். பந்து பட்ட இடத்தில் தையலின் வடு மரத்தில் பதிந்திருக்கும், சின்னச் சின்னக் கோடுகள் வில்லாக வளைந்து. பந்தின் அச்சு மை சில சமயம் நீலமாக ஒட்டியிருக்கும். வலக்கை வீரர் முத்திரையை மேலே வைத்துப் பிடிப்பவர் என்றால் அடிகள் ஒரு பக்கமாகவே குவிந்திருக்க வேண்டும். நாலாபக்கமும் அடி இருந்தால் யாரோ கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். காலணி ஆணிகளைத் தட்டிய பள்ளங்கள், மட்டைத் தாங்கியில் உரசிய வண்ணக் கோடுகள், கைப்பிடியில் பைன் தார், அதாவது பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் பிசின். பைன் தாரைப் பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும், துடைக்க வேண்டும்போல் கை பரபரக்கும். தொடாதீர்கள். எந்த இடம் வரை, எத்தனை கனத்தில் பூசுவார் என்பது ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பழக்கம். அது அவருடைய கைரேகை போல.

ரூத் 1927இல் ஆடிய மட்டை ஒன்று லூயிவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹோம் ரன் அடிக்க அடிக்க முத்திரையைச் சுற்றி வெட்டுக்குறி போட்டிருக்கிறார், இருபத்தொன்று. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது ஏதோ பால்காரர் சுவரில் கணக்குப் போட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மட்டைகளில் கிடைத்தற்கரியது ஒன்று உண்டு. வீரர் தனக்குப் பிடித்த மட்டை உடைந்தால், "இதேபோல இன்னொன்று" என்று தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்புவார். அங்கே பணியாளர் அதன் பக்கத்தில் பென்சிலால் வீரர் பெயரும் தேதியும் எழுதிவைப்பார். 'சைடு ரைட்டிங்' என்பது அதுதான். மங்கலான அந்தப் பென்சில் வரி பத்துச் சான்றிதழுக்குச் சமம். மட்டைகளுக்கு பிஎஸ்ஏ என்ற சான்றளிக்கும் நிறுவனம் பத்துக்கு மதிப்பெண் கொடுக்கும். ஏலங்களில் ஜியூ 8, ஜியூ 10 என்று பார்ப்பீர்கள், ஜியூ என்பது 'கேம் யூஸ்டு'.

முதல் மட்டைக்கு என் யோசனை: 1980களில் ஆடிய, நட்சத்திரம் அல்லாத ஒருவருடையது, விரிசல் விட்டது. மட்டை உடைவது ஆட்டத்தில் நடக்கும் காரியம்தானே. நிறைய பேர் விரிசலைப் பார்த்து ஒதுங்குவதால் விலை இறங்கியிருக்கும். இன்னொன்று, விமானத்தில் கைப்பையோடு மட்டையைக் கொண்டுபோக அமெரிக்காவில் விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியில் போட வேண்டும், அதற்கு நீளமான உறை தேவை.

சட்டை: உள்பக்கத்தைப் படியுங்கள்

பழைய ஜெர்சிகள் கம்பளி கலந்த ஃபிளானலில் தைத்தவை. 1970 ஜூலையில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் புது மைதானத்துக்குக் குடிபோனபோது முதன்முதலாகப் பின்னல் பாலியஸ்டர் சட்டை போட்டார்கள். சில ஆண்டுகளில் எல்லா அணியும் மாறிவிட்டது. ஃபிளானல் என்றாலே விலை ஒரு படி மேலே.

கழுத்தின் உள்பக்கம் ஸ்பால்டிங், ராலிங்ஸ், வில்சன், மெக்காலிஃப் என்று தயாரிப்பாளர் பட்டை இருக்கும். வீரர் பெயர் கழுத்துப் பட்டையிலோ கீழ் ஓரத்திலோ சங்கிலித் தையலில் இருக்கும், சலவைக்குப் போய் வரும்போது மாறிவிடாமல் இருக்க. முதுகில் எண்ணைத் தேடுவதற்கு முன் ஆண்டை நினைவில் வையுங்கள். யாங்கீஸ் முதுகில் எண் போட்டது 1929இல், அடிக்க வரும் வரிசைப்படி: ரூத்துக்கு 3, கெரிக்குக்கு 4. முதுகில் 3 போட்ட 1927 ரூத் சட்டை என்று ஒன்று இருக்கவே முடியாது. முதுகில் வீரர் பெயர் வந்தது 1960இல், சிகாகோ ஒயிட் சாக்ஸ். தோள்பட்டை வில்லைகளும் தேதி சொல்லும். 1939இல் எல்லா அணிகளும் பேஸ்பால் நூற்றாண்டு வில்லை அணிந்தன, 1969இல் தொழில்முறைப் பேஸ்பாலின் நூறாண்டு வில்லை. வில்லையைப் பிரித்தெடுத்திருந்தாலும் ஊசித் துளைகளும், வெயில் படாத துணியின் அடர்நிறமும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சியிருக்கின்றன? அணிகள் அப்போது இவற்றைப் பொக்கிஷமாக நினைக்கவில்லை. சீசன் முடிந்ததும் சட்டைகளைக் கீழ்மட்ட மைனர் லீக் அணிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நெஞ்சில் இருந்த ஊர்ப் பெயரைப் பிரித்து, தங்கள் பெயரைத் தைத்துக் கிழியும் வரை போடுவார்கள். நம் வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதைப் போலத்தான். அதனால் பழைய எழுத்தைப் பிற்பாடு திரும்ப ஒட்டிய சட்டைகள் நிறைய. அது மோசடி அல்ல, சொல்லி விற்றால். 'ரெஸ்டோர்டு' என்ற வார்த்தை பட்டியலின் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை: புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இருட்டறையில் அடித்துப் பாருங்கள். பிற்காலத் துணிகளிலும் நூல்களிலும் வெளுப்பேற்றும் ரசாயனம் இருப்பதால் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். 1930களின் சட்டையில் எண்ணைத் தைத்த நூல் மட்டும் பளிச்சிட்டால் அது பின்னால் வந்தது. சட்டை முழுக்க லேசாக மின்னினால் யாரோ நம் காலத்துச் சலவைத்தூளில் துவைத்திருக்கக்கூடும். ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பெரிய இடமும் சறுக்கியிருக்கிறது. கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு பெரிய சேகரிப்பிலிருந்து வந்த 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சனின் 1919 சட்டை, பல ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் சோதித்தபோது 1919இல் இல்லாத பொருள்கள் அதில் இருப்பது தெரிந்தது.

இன்று சட்டையின் விலையைத் தீர்மானிப்பது படப் பொருத்தம். பழைய புகைப்படத்தை உயர்தரத்தில் பெரிதாக்கி, சட்டையோடு ஒப்பிடுவார்கள். கோடு போட்ட சட்டை என்றால் எந்தக் கோடு பொத்தான் துளையில் முடிகிறது, தையலில் இரண்டு பக்கக் கோடுகளும் எத்தனை விலகிச் சேர்கின்றன என்று பார்ப்பார்கள். கையால் வெட்டித் தைத்த காலம் என்பதால் இரண்டு சட்டைகள் ஒன்றுபோல் இருக்காது. எழுத்துகள் பொத்தான் வரிசையோடு எப்படி நிற்கின்றன என்பதும் உதவும்.

இது விலையை என்ன செய்யும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1932 அக்டோபர் 1, சிகாகோ ரிக்லி ஃபீல்டு, உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு சார்லி ரூட் வீசிய பந்தை அந்தத் திசையில் ஹோம் ரன் அடித்தார் என்பது ஐதீகம். உண்மையில் எங்கே சுட்டினார் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ரூத்தின் சாம்பல் நிற வெளியூர்ச் சட்டை ஒன்று 2005இல் 9,40,000 டாலருக்கு விற்றது. அன்றைய ஆட்டப் படங்களோடு உறுதியாகப் பொருத்திய பிறகு, 2024 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் அதே சட்டை 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலர். விளையாட்டு நினைவுப் பொருள் எதுவும் அதற்கு முன் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

நீங்களும் சின்ன அளவில் செய்யலாம். உங்கள் வட்டத்து வீரரின் செய்திப் படங்களைச் சேர்த்துவையுங்கள். மட்டையில் மர ரேகையையும் முடிச்சையும் இதே முறையில் ஒப்பிடலாம். பொருந்தவில்லை என்பதாலேயே போலி ஆகிவிடாது, அந்த நாளின் படம் கிடைக்கவில்லை என்றும் இருக்கலாம். பொருந்தினால் மட்டும் கொண்டாடுங்கள்.

காகிதத்தை எப்படி எடைபோடுவது

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சான்றிதழ் வரும். தங்க முத்திரை, அலங்கார எழுத்து. அதைப் போட்டவர் யார் என்பதை மட்டும் பாருங்கள். விற்கிறவரே சான்று கொடுத்தால் அதன் மதிப்பு அந்தக் காகிதத்தின் மதிப்பு. ஜெர்சிகளுக்கு மியர்ஸ், படப் பொருத்தத்துக்கு மெய்க்ரே, ரெசல்யூஷன், மட்டைக்கு பிஎஸ்ஏ என்று சந்தை ஏற்கும் பெயர்கள் சில உண்டு. அவர்களும் தவறுவார்கள். கடிதத்தில் என்னென்ன பார்த்தோம் என்று காரணம் எழுதியிருக்கிறார்களா என்று படியுங்கள். "எங்கள் கருத்தில் உண்மையானது" என்று ஒற்றை வரியோடு நின்றால் அரைச் சான்று.

வீரரே கையொப்பமிட்ட கடிதம்? நல்லதுதான். 1956 உலகத் தொடரில் ஒருவரையும் பேஸ் ஏறவிடாமல் வீசிய டான் லார்சன், பேரப்பிள்ளைகளின் படிப்புக்காகத் தன் சீருடையை 2012இல் விற்றார். 7,56,000 டாலருக்குப் போனது. அந்த ஆட்டத்தில் தான் போட்டது எது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்! ஆனால் முப்பது வருடம் கழித்து, மேசையில் வைத்த நாற்பது மட்டைகளைப் பார்த்து "ஆமாம், என்னுடையவை" என்று ஒரு வீரர் எழுதிக்கொடுக்கும் கடிதம் வேறு. நினைவு நழுவும், கூலியும் கைமாறியிருக்கும்.

வாங்கும் இடம்

புதியவருக்கு நல்ல வரிசை: அணிகளின் சொந்தக் கடை மற்றும் ஏலம், பிறகு பெரிய ஏல நிறுவனங்கள், பிறகு ஆண்டுதோறும் நடக்கும் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு. சந்தை மேசைகள் கடைசி. மாநாட்டுக்கு முதல் வருடம் பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நூறு மட்டைகளைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள், யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

ஏலத்தில் நீங்கள் கூவும் விலையோடு முடியாது. வாங்குபவர் கட்டணம் என்று இருபது சதவீதத்தை ஒட்டி மேலே வரும், அப்புறம் வரி, அனுப்பும் செலவு. மனதில் 1,000 டாலர் என்றால் 750இல் கையை இறக்கிவிடுங்கள். பொய்யாக விலை ஏற்றிவிடும் ஆட்களும் உண்டு. மாஸ்ட்ரோ ஆக்ஷன்ஸ் ஏல நிறுவனத்தின் பில் மாஸ்ட்ரோவே அப்படிச் செய்ததை 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உங்கள் எல்லையை முன்னாலேயே எழுதிவைத்துக்கொள்வது ஒன்றுதான் மருந்து.

பொருள் யாருக்குச் சொந்தம் என்பதையும் கேளுங்கள். பேரி பாண்ட்ஸ் ஒரே சீசனில் அடித்த 73ஆவது ஹோம் ரன் பந்துக்காக 2001இல் இரண்டு ரசிகர்கள் நீதிமன்றம் போனார்கள். விற்றுப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னார் நீதிபதி, 4,50,000 டாலர் வந்தது. அருங்காட்சியகங்களில் திருடுபோனவையும் சந்தையில் சுற்றுகின்றன. யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதைப் பற்றிக் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

எதையும் கழுவாதீர்கள். மட்டைக்கு எண்ணெய் போடாதீர்கள், பந்தைத் துடைக்காதீர்கள், சட்டையைத் துவைக்காதீர்கள். நீங்கள் காசு கொடுத்தது அந்த அழுக்குக்குத்தான். வெயில் படாத இடம், ஏறி இறங்காத ஈரப்பதம், பொருளைத் தொடும் காகிதம் அமிலமற்றதாக இருக்க வேண்டும். ஃபிளானலை ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுத்துக்கொள்ளும். மடிப்புகளில் காகிதச் சுருளை வைத்துப் படுக்கையாக வையுங்கள். ஒவ்வொரு பொருளையும் வந்த அன்றே எல்லாப் பக்கமும் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கம்பளி என்பதால் பூச்சி வரும். என்னிடம் 1950களின் மைனர் லீக் ஃபிளானல் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, பெட்டியில் ஏதோ பழைய சட்டை இருக்கிறதே, பாச்சை அரித்துவிடுமே என்று பாச்சா உருண்டை நாலைந்து போட்டு மூடிவிட்டார். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது அறைக்குள் நிற்க முடியவில்லை. காற்றாட வைத்து வாசம் போக ஒரு வருடம் ஆனது. பூச்சி பயம் இருந்தால் நன்றாக இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைப்பதுதான் அருங்காட்சியகங்கள் செய்வது. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் மீன் இருந்தால் முதலில் அதைச் சமைத்துவிடுங்கள்.